ஆள் இல்லாத வீடு

பின்பக்கத் தண்ணீர்க் குழாயில் ஒரு காலை ஊன்றி, மறுகாலைச் சுவரின் விளிம்பில் வைத்து, சமையலறை ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறார் அலாரம் மாட்ட வந்த சைரன் அக்கா. கீழே நிற்கும் வீட்டுக்காரருக்கு இரண்டு கவலை. விழுந்து தொலைத்துவிடுவாரோ என்பது ஒரு கவலை. அடுத்த வீட்டு மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்ப்பது இன்னொரு கவலை.

"மேடம், ஜன்னல் நல்ல ஸ்ட்ராங்கு. நான் பக்கத்துல நின்னு போட்டது" என்கிறார்.

"கம்பி ஸ்ட்ராங்குதான் சார். கம்பியைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற மரம்தான் செத்துப் போச்சு."

குதித்து இறங்கி, கையிலிருந்த ஒரு பிடி மரத்தூளை அவர் உள்ளங்கையில் கொட்டுகிறார். பிரசாதம் வாங்கியவர் போல அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நிற்கிறார் வீட்டுக்காரர்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் வாசல் மணியை அடிப்பதில்லை. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே வந்து, வீட்டைச் சுற்றி ஒரு வலம் வருவார். எந்தக் குழாய் ஆளைத் தாங்கும், எந்த விளக்கு எரியவில்லை, எந்தச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து ஜன்னலை மறைக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் முன்வாசல். "முன்னாடி வர்றவன் விருந்தாளி. நம்மளை யாருக்காகக் கூப்பிடுறாங்களோ அவன் பின்னாடிதான் வருவான்" என்பார். ஒரு முறை இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது வீட்டம்மா துடைப்பத்தோடு துரத்தி, தெருமுனையில் வைத்துப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கியபடியே விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டிய அக்கா, "உங்க வீட்டுக்கு அலாரமே வேண்டாம்மா" என்றாராம். ஆனாலும் அந்த வீட்டில் ஐந்து சென்சார் மாட்டாமல் விடவில்லை.

வயது நாற்பத்தெட்டு. ஆறு பாக்கெட் வைத்த பேண்ட், முழங்கை வரை மடித்த சட்டை. சுவரைத் துளைக்கும்போது கொட்டும் சுண்ணாம்புத் தூள் புருவத்தில் படிந்து, சாயங்காலத்துக்குள் பத்து வயது கூடிவிடும். வேலை நடக்கும்போது ஸ்க்ரூக்களை உதட்டுக்கு நடுவே வரிசையாகக் கவ்வியிருப்பார். அந்த நேரத்தில் அவர் சொல்வதை வீட்டுக்காரர்கள் ஊகித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்க்ரூ இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. பெயர்தான் சைரன், குரல் அடுத்த நாற்காலிக்குக்கூட எட்டாது. யாராவது "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் குரலை உயர்த்த மாட்டார், பக்கத்தில் வந்து நின்று அதே குரலில் மறுபடியும் சொல்வார்.

வீட்டில் கணவரும் இரண்டு பெண்களும். மாமூல் குடும்பம்தான். மூத்தவள் மட்டும் தோழிகளிடம், "எங்க வீட்டுல லவ்வுகூடப் பண்ண முடியாதுடி. ஜன்னலைத் திறந்தா தெருவே எழுந்து உட்காரும்" என்று புலம்புவதாகக் கேள்வி. அக்காவிடம் கேட்டால், "கதவைத் திறந்து வாசல் வழியா வரச் சொல்லுங்க. அதுக்கு சத்தம் வராது" என்கிறார்.

அலாரம் மாட்டுவது எளிது. கதவில் ஒரு காந்தம், நிலையில் அதன் ஜோடி. கதவு திறந்தால் இரண்டும் பிரியும், பிரிந்தால் கத்தும். அறை மூலையில் ஆள் அசைவைப் பார்க்கும் கண். இவை எல்லாவற்றுக்கும் தலைமையாக அலமாரிக்குள் ஒரு பெட்டி. முன்வாசலில் எண்களைத் தட்ட ஒரு கீபேட். ஒரு வீட்டுக்கு ஒரு பகல் போதும். அக்கா மட்டும் ஒன்றரை நாள் எடுத்துக்கொள்வார். அந்த அரை நாள், 'போடு' என்கிற சொல்லுக்கானது.

நம் பேச்சில் அலாரம் 'போட்டாச்சு' என்றால் இரண்டு அர்த்தம். வாங்கி மாட்டியாச்சு என்பது ஒன்று. வெளியே கிளம்பும்போது இயக்கிவிட்டாச்சு என்பது இன்னொன்று. வீட்டுக்காரர் முதல் அர்த்தத்தில் சொல்லுவார், காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் அர்த்தத்தில் எழுதிக்கொள்ளும். "இந்த ரெண்டு 'போட்டாச்சு'க்கும் நடுவுல விழுந்தவங்களை நான் பதினோரு வருஷம் பார்த்திருக்கேன்" என்பார் அக்கா.

பார்த்தது உண்மை. அலாரத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் கடிதம் அடிக்கும் வேலையில் இருந்தார். 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதங்கள். மேலதிகாரி மறுப்பார், அக்கா வருந்துவார், தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பிறகு வருந்துகிற வேலையைக் கணினியே செய்துகொள்ளும் என்றாகிவிட்டது. எலக்ட்ரீஷியனாக இருந்த தம்பி, "சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு ஏணியைப் பிடி" என்று கூப்பிட்டான். பிடித்தவர் ஒரு மாதத்தில் ஏறிவிட்டார்.

அதனால்தான் வேலை முடிந்ததும் அவர் கிளம்புவதில்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பாலிசிக் காகிதத்தை எடுத்துவரச் சொல்லி, அதில் ஒரு பத்தியை அவர்கள் வாயாலேயே சத்தமாகப் படிக்க வைப்பார். ஒரு பேராசிரியர் முகம் சிவந்து, "நான் பிறகு பார்த்துக்கிறேம்மா" என்றார். அக்கா நகரவில்லை. கடைசியில் மனைவியும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எழுந்து நின்றே படித்தார்: 'வீட்டில் ஆள் இல்லாத எந்த நேரத்திலும் அலாரம் இயங்கு நிலையில் இருத்தல் வேண்டும். தவறினால் திருட்டினால் ஏற்படும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்காது.'

"அலாரம் இருந்தா பிரீமியம் குறையும்னுதானே சொன்னாங்க?" என்று மாமியார் குழம்பினார்.

"குறையும்மா. ஆனா அது தள்ளுபடி இல்ல. 'நான் தினமும் போட்டுட்டுத்தான் போவேன்'னு நீங்க அவங்களுக்கு வாக்குக் குடுக்கிறீங்க. அதுக்குத்தான் குறைக்கிறாங்க."

"அப்போ அலாரமே இல்லாம இருந்தா?"

"வாக்கும் இல்ல. திருடு போனா கேள்வி கேட்காமக்கூட குடுக்கலாம்."

"அட, அப்போ எதுக்கு இதை மாட்டினோம்?"

"திருடன் வராம இருக்க" என்றார் அக்கா, ஏணியை மடக்கியபடி.

எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய நிரந்தரக் குறை. சிலர் சுவரில் தெரியும்படி வெறும் பெட்டி மட்டும் மாட்டச் சொல்வார்கள். சிலர் மாட்டிய மறுவாரமே, பூனை போனால்கூடக் கத்துகிறது என்று அணைத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் பெட்டிக்குள் ஒரு நினைவு இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு அலாரம் இயக்கப்பட்டது, எப்போது அணைக்கப்பட்டது என்று ஒவ்வொன்றையும் அது எழுதிவைத்துக்கொள்ளும். அக்கா அதை டைரி என்பார். திருட்டு நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்த டைரியைத்தான்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு டைரியை எடுக்கத்தான் அக்கா ஒரு புகைப்படக்காரர் வீட்டுக்குப் போனார்.

கீழே குடும்பம், மாடியில் ஸ்டுடியோ. மூன்று வருடத்துக்கு முன் அக்காவே மாட்டிக்கொடுத்த அலாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் சமையலறைப் பின்கதவை நெம்பித் திறந்து, மாடிக்குப் போய், மூன்று கேமராவையும் ஒன்பது லென்ஸையும் இரண்டு விளக்குகளையும் கொண்டுபோய்விட்டார்கள். புகைப்படக்காரர் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாக நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த பழைய கேமரா ஒன்றுதான் மிஞ்சியது. மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் பின்கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அலாரம் மூச்சு விடவில்லை.

போலீசிடம், வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். காப்பீட்டுப் படிவத்திலும் அதையே எழுதியிருந்தார்கள். ஆள் இல்லை, அலாரமும் இயங்கவில்லை என்றால் முடிவு என்ன என்பது அக்காவுக்குத் தெரியும். பதினோரு வருடம் அடித்த கடிதம்தானே.

லேப்டாப்பைக் கூடத்து மேசைமேல் வைத்து டைரியை இறக்கினார். புகைப்படக்காரர் பின்னால் வந்து நின்றார். ஒல்லியான மனிதர். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது.

"அக்கா, ஒரே ஒரு வரி. அன்னிக்கு சென்சார்ல ஃபால்ட்டு இருந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"ஃபால்ட்டு இல்லையே."

"மிஷின்தானே, ஃபால்ட்டு வராதா?"

"வரும். வந்தா கட்டாயம் எழுதுவேன். என் பேரு கெட்டாலும் எழுதுவேன். இது வரலையே தம்பி."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் மறுபடி எழுந்தார். "எங்க வீட்டுல, எங்க அலமாரிக்குள்ள, எங்க கரண்டுல ஓடுது. கடைசியில எங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது! இதுக்கா உங்களைக் கூப்பிட்டு மாட்டினோம்?"

அக்கா டைரியைப் படித்துக்கொண்டிருந்தார். இரவு பத்தரைக்குக் கதவுகளுக்கு மட்டும் இயக்கம், காலை ஆறுக்கு அணைப்பு. மறுநாளும் அதே. அடுத்த நாளும் அதே. மூன்று வருடமாக ஒழுங்கான குடும்பம். ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை. ஆனால் பகலில் அலாரம் இயக்கப்பட்ட நாட்கள் மொத்தமே ஒன்பது. அவர் விரலை வைத்து இன்னொரு முறை எண்ணினார். ஒன்பதுதான்.

சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, இந்த ஒன்பது நாளும் என்ன விசேஷம்?" என்று அக்கா தேதிகளைப் படித்தார்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன நாள். செக்கப்" என்றாள்.

"அப்போ மத்த நாள்ல எல்லாம் பகல்ல வீட்டுல ஆள் இருந்திருக்கு. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட வீடு காலியா இருந்ததில்ல. அன்னிக்கு மட்டும் எப்படிம்மா காலியாச்சு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். சமையலறையை ஒட்டிய பின்னறையிலிருந்து ஒரு இருமல் சத்தம் மட்டும் வந்தது.

"அந்த ரூம்ல ஒரு சென்சார் இருக்கு. பார்த்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார் அக்கா.

புகைப்படக்காரரின் அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் நீளமான பேருந்துகளைக் குறுகலான தெருக்களில் திருப்பியவர். முந்திய வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து கட்டில்தான் உலகம். அக்கா உள்ளே போனபோது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"தூங்கலையாங்க ஐயா?"

"தூங்குறதுதானே என் வேலை. இப்போ ஓவர்டைம் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அக்கா சென்சாரைப் பார்ப்பது போல மூலையில் நின்றார். பிறகு, "அந்தச் செவ்வாய்க்கிழமையும் தூங்கிட்டிருந்தீங்களா?" என்று கேட்டார்.

பெரியவர் சட்டென்று தலையைத் திருப்பினார். "எவன் சொன்னான் தூங்கினேன்னு?"

"யாரும் சொல்லலை. உங்களைப் பத்தி யாரும் எதுவுமே சொல்லலை."

"சொல்ல மாட்டாங்க" என்றவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் நேரா மாடிக்குப் போயிட்டான். இன்னொருத்தன் இந்த நிலைகிட்ட நின்னு என்னையே பார்த்தான். கடங்காரன், சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருந்தான். ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. 'தம்பி, பொத்தான் ஏறுமாறா இருக்கு'ன்னேன். குனிஞ்சு பார்த்தான். பார்த்துட்டுச் சரி பண்ணிக்கிட்டான்."

"அப்புறம்?"

"தண்ணி கேட்டேன்."

"குடுத்தானா?"

"குடுத்தான். பாதிதான் வாயில போச்சு, மீதி தலையணையில. 'பெருசு, சத்தம் போடாம படு'ன்னான். போட்டா மட்டும் யாரு வரப்போறா?"

"பயமா இல்லையா?"

"பயந்தா எந்திரிச்சு ஓடவா போறேன்?"

பிறகு அவரே சொன்னார். "என் பொண்ணு வெளியூர்ல இருக்கா. மூணாவது மாடி வீடு. நான் விழுந்தன்னிக்கே அவ சொல்லிட்டா, இனி ஒரு தடவை என்னைத் தனியா விட்டாங்கன்னு தெரிஞ்சா வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுவேன்னு. அவ பாசக்காரிதான். ஆனா அங்க ஜன்னல்ல பார்த்தா வானம் மட்டும்தான் தெரியும். இங்க தெரு தெரியுது, பஸ் சத்தம் கேட்குது. அதான் நானும் வாயைத் திறக்கலை."

அக்கா கூடத்துக்குத் திரும்பியபோது மருமகள் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மாமாவுக்கு வேண்டிய டயப்பர் தீர்ந்து போச்சுக்கா. நாற்பது நிமிஷம்தான். பக்கத்து வீட்டுலயும் ஆள் இல்ல. வந்தா பின்கதவு தொங்குது. மாமா தலையணை ஈரமா இருக்கு, டம்ளர் கீழ கிடக்கு. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. போலீஸ் வந்தப்போ என் நாத்தனார் போன்ல இருக்காங்க, ஸ்பீக்கர்ல. 'வீட்டுல யாரு இருந்தா?'ன்னு போலீஸ்காரர் கேட்கிறாரு. 'யாரும் இல்ல'ன்னு வந்துடுச்சு. அப்புறம் அதையே எழுதிட்டோம். மாமா எங்கன்னு நாத்தனார் கேட்டாங்க. என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்னு சொல்லிட்டேன்."

ஒரு வருடமாக அந்த உடம்பைத் தூக்கித் திருப்பி, துடைத்து, பவுடர் போட்டு, ஒரு புண்கூட வராமல் பார்த்துக்கொண்டவள் அவள். நாற்பது நிமிடத்தை மறைக்கப் போய் மாமனாரையே வீட்டிலிருந்து அழித்துவிட்டாள்.

"உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு" என்றார் அக்கா, எப்போதும் போல அடங்கிய குரலில். "யாரும் இல்லைன்னு சொன்னதுலயே நின்னீங்கன்னா, அலாரம் போட்டிருக்கணும். போடலை. கிளெய்ம் போச்சு. ஐயா இருந்தார்னு சொன்னீங்கன்னா, ஆள் இருக்கிற வீட்டுல அலாரம் போடணும்னு பாலிசில எங்கயும் இல்ல. ஐயா வெளிய போன நாள்ல மட்டும்தான் பகல்ல போட்டிருக்கீங்க, அதுக்கு இந்த ஒன்பது நாளும் சாட்சி. ஆஸ்பத்திரி சீட்டை எடுத்து வைங்க. ஆனா முன்னாடி ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு கேட்பாங்க. உங்க நாத்தனாருக்கும் தெரிஞ்சுடும். எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

புகைப்படக்காரர் மனைவியைப் பார்த்தார். பின்னறையிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "என்னடா யோசனை? போனைக் கொண்டாந்து என் காதுல வை. அவகிட்ட நானே சொல்றேன்."

மகளிடம் அவர் என்ன சொன்னார், மகள் என்ன சொன்னாள் என்பதை யாரும் முழுதாகச் சொல்லவில்லை. அரை மணி நேரம் பேசினார்கள் என்பதும், அதில் இருபது நிமிடம் பெரியவர் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார் என்பதும் மட்டும் தெரியும்.

பத்து நாள் கழித்துக் காப்பீட்டு அதிகாரி வந்தார். டைரியை விளக்கச் சொல்லி அக்காவையும் வரவழைத்திருந்தார். சிடுமூஞ்சி இல்லை, மரியாதையான மனிதர்தான். திருத்திய வாக்குமூலத்தைப் படித்தார், ஆஸ்பத்திரிச் சீட்டுகளை டைரியோடு ஒப்பிட்டார், பொத்தான் கதையை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே சொன்னார்.

"ஒரு சிக்கல் இருக்குங்க. பெரியவர் வீட்டுல இருந்தார், ஒத்துக்கிறேன். ஆனா 'ஆள்'னு சொன்னா, வீட்டைப் பார்த்துக்கிற நிலைமையில இருக்கிற ஒருத்தர்னுதான் எங்க ஆபீஸ்ல எடுத்துக்குவாங்க. இவரால எழுந்திருக்கவே முடியலை. அதனால சட்டப்படி பார்த்தா, வீட்டுல ஆள் இல்லைன்னுதான்…"

"அப்படி எங்க சார் போட்டிருக்கு?" என்றார் அக்கா. அவருக்கு அது மனப்பாடம். "'வீட்டில் ஆள் இல்லாத எந்த நேரத்திலும்'. அவ்வளவுதான் இருக்கு. நடக்கிற ஆளு, படுத்திருக்கிற ஆளுன்னு பிரிச்சுப் போடலையே."

"போடலைதான். ஆனா வழக்கமா…"

"ஏம்ப்பா" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. கோபம் இல்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் இருந்தது. "அந்தத் திருட்டுப் பயலே என்னைப் பார்த்து நின்னான். சத்தம் போடாதேன்னு சொன்னான். தண்ணி மொண்டு குடுத்தான். அவனுக்கே நான் ஆளாத் தெரிஞ்சேன். உனக்கு நான் ஆள் இல்லையா?"

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதிகாரி கட்டிலருகே கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க பேரு, வயசு சொல்லுங்க ஐயா" என்று பேனாவைத் திறந்தார். அதுவரை அந்த அறையில் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

ஏழு வாரம் ஆனது. நிறுவனத்தின் கடிதம் வந்தபோது புகைப்படக்காரர் தனியாகப் பிரிக்கப் பயந்து, அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். 'வருந்துகிறோம்' என்று ஒரு இடத்தில் இருந்தது. ரசீது இல்லாத இரண்டு லென்ஸ்களுக்காக அந்த வருத்தம். மற்றவை எல்லாம் ஏற்கப்பட்டிருந்தன. அக்கா "சரி" என்றார். அதைத் தாண்டி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்று புகைப்படக்காரருக்குச் சின்ன ஏமாற்றம்.

அதற்கு முன்பே பெரியவரின் மகள் பெட்டியோடு வந்திறங்கியிருந்தாள். வீடு நான்கு நாள் அதிர்ந்தது. தம்பியோடு சண்டை, தம்பி மனைவியோடு பேச்சுவார்த்தையே இல்லை. மூன்றாம் நாள் அப்பாவை அவளே குளிப்பாட்டப் போய், திருப்பிப் படுக்கவைக்க முடியாமல் தடுமாறி, கடைசியில் "கொஞ்சம் வாயேன்" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். அதோடு குரல் இறங்கிவிட்டது. நான்காம் நாள் கிளம்பும்போது ஒரே நிபந்தனைதான் போட்டாள். அப்பா எந்த நேரமும் கை நீட்டினால் யாரையாவது கூப்பிட முடிய வேண்டும்.

அப்படித்தான் அக்கா மறுபடி அந்த வீட்டுக்குப் போனார். இரவில் போலவே பகலிலும், ஆள் உள்ளே இருக்கும்போதே முன்கதவு, பின்கதவு, மாடி மூன்றையும் மட்டும் காவல் காக்கும்படி பெட்டியை மாற்றி அமைத்தார். பெரியவரின் அறைச் சென்சாரைக் கழற்றினார். கழற்றும்போது, ஸ்க்ரூ இல்லாத வாயால், யாரும் கேட்காமலே சொன்னார்: "மூணு வருஷமா சர்வீஸுக்கு வந்தேன். பேட்டரி எப்படி இருக்குன்னு பார்த்தேன். இந்த வீட்டுல யாரு எப்படி இருக்காங்கன்னு பார்க்கலை." மருமகள் ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். அக்கா அதற்குள் டிரில்லை ஓடவிட்டுவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரு வேலைதான். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் தெரு முழுக்கக் கேட்கும், மருமகளின் போனிலும் அடிக்கும். எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி. "கை எட்டுற மாதிரி எங்க வேணாலும் வைம்மா" என்று பெரியவர் கையைத் தூக்கிக் காட்டினார். கை பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. "எட்டுது, எட்டுது. நல்லாவே எட்டுது" என்றார்.

"ஐயாவைக் கொஞ்ச நேரம் நாற்காலியில உட்கார வைக்கலாமா?" என்று அக்கா கேட்டார்.

மகனும் மருமகளும் சேர்ந்து தூக்கி உட்காரவைத்தார்கள். அக்கா காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். சட்டையில் இருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினார். பிறகு, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டிலில் ஏறி, மெத்தையில் பெரியவரின் உடம்பு அழுத்திவைத்திருந்த பள்ளத்திலேயே மல்லாந்து படுத்தார். இடுப்பை அசைக்காமல், தலையைத் தூக்காமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கையை மெல்லச் சுவர்ப்பக்கம் நீட்டினார். விரல் நுனி சுவரைத் தொட்டதும் அங்கேயே நிறுத்தி, இடது கையால் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, கண்ணைத் திறக்காமலே அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.